செட் வேலைக்குப் பயிற்சி வேண்டுமா, நேரே போய் நின்றால் போதுமா?

கேள்வி, மார்ச் 2

படப்பிடிப்பில் தயாரிப்பு உதவியாளராகச் சேர ஆசை. சினிமாவிலோ டிவியிலோ எனக்கு யாரையும் தெரியாது. இரண்டு நாள் பயிற்சி வகுப்பு ஒன்றின் விளம்பரம் பார்த்தேன். தண்ணீர் பாட்டில் தூக்குகிற வேலைக்கு எதற்குப் படிப்பு என்று வீட்டில் சிரிக்கிறார்கள். சேரலாமா?

மார்ச் 2, இரவு

சேர வேண்டாம். நான் எந்த வகுப்புக்கும் போகாமல்தான் உள்ளே வந்தேன். தெரிந்தவர் ஒருவர், "நாளைக்கு ஆள் குறையுது, அஞ்சரைக்கு வந்துடு" என்றார். போனேன். ஒரு வாரத்தில் வேலை பிடிபட்டுவிட்டது. வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுப்பதை விட மாணவர்கள் எடுக்கும் குறும்படம் ஒன்றில் இரண்டு நாள் ஓடினால் அதிகம் தெரிந்துகொள்ளலாம்.

வீட்டில் சிரிப்பவர்களுக்கு: தண்ணீர் தூக்குவதும் உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வேலை அது மட்டும் இல்லை. முதல் உதவி இயக்குநர் கேமராவை விட்டு நகர முடியாது. மேக்கப் முடிந்ததா, அடுத்த காட்சிக்கான நடிகர் எங்கே இருக்கிறார், துணை நடிகர்கள் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், வெளியே தெருவில் என்ன சத்தம், இதெல்லாம் அவருக்கு உங்கள் வாய் வழியாகத்தான் போய்ச் சேரும். நீங்கள் தப்பாகச் சொன்னால் எண்பது பேர் தப்பான இடத்தில் காத்திருப்பார்கள்.

மார்ச் 3, காலை

நேற்று எழுதியதை ராத்திரி படுத்துக்கொண்டே யோசித்தேன். "ஒரு வாரத்தில் பிடிபட்டுவிட்டது" என்று எழுதினேன். அந்த ஒரு வாரத்தில் என்ன நடந்தது என்று எழுதவில்லை.

மூன்றாவது நாள். பழைய கட்டிடம் ஒன்றின் இரண்டாவது மாடி, நீளமான நடைக்கூடம். என்னை ஒரு கதவருகே நிறுத்தி "லாக்-அப்" என்றார்கள். ஷாட் ஓடும்போது யாரும் உள்ளே வராமலும் சத்தம் போடாமலும் பார்த்துக்கொள்வதற்கு அந்தப் பெயர். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாக்கி-டாக்கியில் "ரோலிங்" கேட்டது, கேமரா ஓடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உள்ளே ஒரு நடிகை, மூன்று டேக்காக வராத அழுகை நான்காவதில் வந்து பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் இடது பக்கம் ஒரு சின்ன மாடிப்படி இருந்ததை நான் பார்க்கவே இல்லை. கட்டிடத்தைச் சேர்ந்த ஒருவர் இரும்புத் தள்ளுவண்டியைப் படி படியாக இறக்கிக்கொண்டு வந்தார். டமால், டமால் என்று ஒவ்வொரு படியிலும் சத்தம். "கட்."

யாரும் என்னைத் திட்டவில்லை. நடிகை எழுந்து போய் சுவரைப் பார்த்து நின்றார். இன்றைக்கும் அந்த முதுகு எனக்கு நினைவிருக்கிறது. அடுத்து எட்டு டேக் எடுத்தார்கள். அந்த அழுகை திரும்ப வரவே இல்லை.

கதவைப் பிடித்து நிற்பது லாக்-அப் இல்லை என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நிறுத்திய உடனே அந்த இடத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து எத்தனை வழி இருக்கிறது என்று எண்ண வேண்டும். கதவு, படி, லிஃப்ட், ஜன்னல், பக்கத்து அறை. உங்களால் ஒரே நேரத்தில் பார்க்க முடியாத வழி ஒன்று இருந்தால் உடனே வாக்கியில் "இங்கே இன்னொரு ஆள் வேண்டும்" என்று கேட்க வேண்டும். வருகிறவரைக் கதவருகே நிறுத்தக் கூடாது, பத்து அடி முன்னாலேயே நிறுத்த வேண்டும். கையை உயர்த்திக் காவல்காரர் மாதிரி நிற்காமல், அருகே போய்க் குரலைத் தாழ்த்தி, "ஒரு நிமிஷம், ஷாட் ஓடுது, முடிஞ்சதும் நானே சொல்றேன்" என்றால் பத்தில் ஒன்பது பேர் நிற்பார்கள். "கட்" கேட்டதும் மறக்காமல் விடுவிக்க வேண்டும். அதை மறந்தால் அடுத்த முறை அவர் நிற்க மாட்டார்.

இதைச் சொல்லிக் கொடுக்க அரை மணி நேரம் போதும். எனக்கு யாரும் அந்த அரை மணி நேரத்தைக் கொடுக்கவில்லை. அதற்கான விலையை அந்த நடிகைதான் கொடுத்தார். அதனால் "சேர வேண்டாம்" என்று நேற்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். சேருங்கள் என்றும் இன்னும் சொல்லவில்லை. யோசிக்கிறேன்.

மார்ச் 3, மதியம்

வாக்கி பற்றி விட்டுவிட்டேன். பொத்தானை அழுத்திய கையோடு பேசாதீர்கள். அழுத்தி, மனதுக்குள் "ஒன்று" எண்ணி, அப்புறம் பேசுங்கள். இல்லையென்றால் முதல் அசை வெட்டுப்படும். "வர வேண்டாம்" என்பதில் முன்பாதி தொலைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். முதலில் யாரை அழைக்கிறீர்களோ அவர் பெயர், பிறகு உங்கள் பெயர், அவர் பதில் சொன்ன பிறகுதான் விஷயம். நீளமாகப் பேச வேண்டியிருந்தால் வேறு சேனலுக்கு வரச் சொல்லுங்கள். முதல் சேனல் எல்லோருக்கும் பொது.

கேட்டது புரிந்தது என்பதற்கு "காப்பி" என்பார்கள். எங்களோடு புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் முதல் நாள் அதைக் கேட்டுவிட்டு, "எத்தனை பேருக்கு சார்?" என்று பதில் சொன்னான். யூனிட் முழுக்க ஒரு நிமிடம் சிரித்தது, அவனும் சேர்ந்து சிரித்தான். இப்போது அவன் இரண்டாம் உதவி இயக்குநர்.

"காப்பி" என்று சொல்லிவிட்டுச் செய்யாமல் இருப்பதை விட, "புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள்" என்பது மேல். இதில் எனக்கு எந்த மறுயோசனையும் இல்லை.

மார்ச் 5

கால் ஷீட் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். நம் பேச்சு வழக்கில் கால்ஷீட் என்றால் நடிகர் படத்துக்கு ஒதுக்கித் தரும் நாட்கள். நான் இங்கே சொல்வது வேறு: மறுநாள் படப்பிடிப்புக்காக முந்தைய மாலையே எல்லோருக்கும் அனுப்பும் தாள். பெரும்பாலும் இரண்டாம் உதவி இயக்குநர் தயாரிப்பது.

புதிதாக வருபவர்கள் அதில் தங்கள் நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். முழுக்கப் படியுங்கள். எந்தெந்தக் காட்சி எண், உள்ளேயா வெளியேயா, பகலா இரவா, ஒவ்வொரு காட்சியிலும் எந்தெந்த நடிகர், அவர் மேக்கப்புக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும், செட்டுக்கு எத்தனை மணிக்கு, சூரியன் உதிப்பதும் மறைவதும் எப்போது, மழை வருமா, பக்கத்தில் இருக்கும் மருத்துவமனை எது. அந்தக் கடைசி வரியை மனப்பாடம் செய்துவிடுங்கள். வழியையும்.

காட்சியின் நீளத்தை எட்டில் ஒரு பங்குகளாகப் போட்டிருப்பார்கள். திரைக்கதைப் பக்கம் ஒன்றை எட்டாகப் பிரித்து, இந்தக் காட்சி 3/8, அந்தக் காட்சி 1 2/8 என்று. ஒரு பக்கம் என்பது திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம். இதைப் பார்த்தாலே நாளைக்கு எந்தக் காட்சி நேரத்தை விழுங்கும் என்று தெரிந்துவிடும்.

மார்ச் 6

தெரிந்துவிடாது. நேற்றைய கடைசி வரி தப்பு. "இருவரும் மோதிக்கொள்கிறார்கள்" என்று 1/8 பக்கத்தில் ஒரு வரி இருக்கும், எடுக்க இரண்டு நாள் ஆகும். மூன்று பக்க உரையாடலை ஒரு மதியத்தில் முடித்துவிடுவார்கள். அளவை மட்டும் பார்க்காமல் அந்த வரியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். குழந்தை, விலங்கு, தண்ணீர், வண்டி, தீ, கூட்டம் இதில் ஏதாவது இருந்தால் நாள் நீளும்.

மார்ச் 8

"எல்லாருக்கும் போய் உதவி செய்தால் நல்ல பெயர் கிடைக்குமா" என்ற கேள்விக்கு: கேட்டுவிட்டுச் செய்யுங்கள். லைட், கேமரா, ஒலி என்று ஒவ்வொரு பிரிவின் சாமானையும் அந்தப் பிரிவினர் ஒரு கணக்கோடு வைத்திருப்பார்கள். வழியில் இருக்கிறதே என்று நீங்கள் நகர்த்தி வைத்த பெட்டியை இருட்டில் ஒருவர் பத்து நிமிடம் தேடுவார். மேசை மேல் கிடக்கும் பாதி எரிந்த மெழுகுவர்த்தியைக் குப்பை என்று எடுத்துப் போட்டால் கன்டினியூட்டி போச்சு, அதாவது ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டில் அப்படியே இருக்காது. அந்த மெழுகுவர்த்தியின் உயரத்தை ஒருவர் போட்டோ எடுத்து வைத்திருப்பார்.

அதே சமயம், சும்மா இருக்கும் நேரத்தில் லைட்மேன் ஒருவரிடம் போய் "கேபிள் சுற்றக் கற்றுக் கொடுங்கள்" என்று கேளுங்கள். மகிழ்ச்சியாகச் சொல்லித் தருவார்கள். முழங்கையில் போட்டுச் சுற்றுகிறோமே, அது கேபிளுக்குக் கேடு. ஒவ்வொரு சுற்றும் கேபிளுக்குள் ஒரு முறுக்கை ஏற்றுகிறது. முறுக்கு ஒரே பக்கமாகச் சேர்ந்து உள்ளே இருக்கும் கம்பி தளர்ந்துவிடும், பிரிக்கும்போதும் சிக்கு விழும். அதனால் ஒரு சுற்று மேல்பக்கமாக, அடுத்த சுற்று கையைத் திருப்பிக் கீழ்ப்பக்கமாக. ஒன்று ஏற்றிய முறுக்கை அடுத்தது கழித்துவிடும். ஒரு முனையைப் பிடித்து எறிந்தால் நூல் மாதிரி நேராக ஓடும். வீட்டில் ஒரு நீளமான வயரை வைத்துப் பழகலாம். நான் பழகியது அப்படித்தான்.

மூன்று கால் இரும்பு ஸ்டாண்டில் பாரம் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கம் உயரமான கால் இருக்க வேண்டும், மணல் மூட்டை அந்தக் காலின் மேல் தொங்க வேண்டும். மூட்டை இல்லாத ஸ்டாண்டைப் பார்த்தால் நீங்கள் நகர்த்த வேண்டாம், ஆனால் பக்கத்தில் நின்றுகொண்டு அவர்களைக் கூப்பிடுங்கள்.

மார்ச் 9

கிளாப் போர்டு அடிக்க விடுவார்களா என்று கேட்டவருக்கு: சில யூனிட்டில் அது கேமரா உதவியாளரின் வேலை, சிலவற்றில் உதவி இயக்குநருடையது. முதல் வாரத்தில் கிடைக்காது. ஆனால் எதற்காக அடிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். படம் ஒரு கருவியில் பதிவாகிறது, ஒலி இன்னொன்றில். கட்டைகள் சேரும் ஃபிரேமையும் (ஓடும் படத்தில் ஒரு தனிப் படம்) "டக்" சத்தத்தையும் எடிட்டர் ஒன்றாக வைத்தால் மொத்தமும் பொருந்திவிடும். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், ஒரு ஃபிரேம் தள்ளினாலே உதடு பிசகுவதைச் சிலர் கண்டுபிடித்துவிடுவார்கள். ஷாட்டின் முடிவில் அடித்தால் போர்டைத் தலைகீழாகப் பிடிப்பார்கள். ஒலி இல்லாத ஷாட் என்றால் கட்டையை அடிக்காமல் நடுவில் விரலை வைத்துக் காட்டுவார்கள். நடிகரின் முகத்துக்குப் பக்கத்தில் அடிக்க வேண்டியிருந்தால் மெதுவாக அடிப்பார்கள்.

மார்ச் 12

இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

2014 பிப்ரவரி 20. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு ரயில் பாலத்தின் மேல் படப்பிடிப்பு. தண்டவாளத்தில் படப்பிடிப்பு நடத்த ரயில் நிறுவனம் அனுமதி கொடுத்திருக்கவில்லை. சரக்கு ரயில் வந்தது. கேமரா உதவியாளர் சாரா ஜோன்ஸ் இறந்துபோனார், வயது 27. இயக்குநர் மறு ஆண்டு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். அதற்குப் பிறகு பல நாடுகளில் யூனிட்டுகள் தங்கள் கிளாப் போர்டில் அந்தப் பெண்ணின் பெயரை எழுதின.

2021 அக்டோபர் 21, நியூ மெக்சிகோ. ஆபத்தில்லை என்று நம்பப்பட்ட துப்பாக்கிக்குள் உண்மையான தோட்டா இருந்தது. ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார்.

இதைச் சொல்லிப் பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை. அந்தப் பாலத்தின் மேல் போகும்போது, நமக்கு அனுமதி இருக்கிறதா என்று கடைசி வரிசையில் நின்ற ஒருவருக்காவது தோன்றியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்பது என் இடமா என்ற தயக்கமும் கூடவே வந்திருக்கும். அந்தத் தயக்கம் எனக்கு நன்றாகத் தெரியும்.

செயற்கை மழை பொழிந்துகொண்டிருந்த ஒரு இரவு. தரையில் தண்ணீர் ஓடி, இரண்டு கேபிள்கள் சேரும் இடம் வரைக்கும் வந்துவிட்டது. நான் பார்த்தேன். பக்கத்தில் எத்தனையோ பெரியவர்கள் நிற்கிறார்கள், அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று பேசாமல் நின்றேன். நாலைந்து நிமிடம் இருக்கும். வயதான லைட்மேன் ஒருவர் கடந்து போகும்போது பார்த்துவிட்டு, "கரண்ட் ஆஃப்!" என்று கத்தினார். எல்லாம் நின்றது. இணைப்பை மேடையில் ஏற்றி வைத்தார்கள். பிறகு அவர் என்னிடம், "நீ இதைப் பார்த்தியா?" என்றார். பார்த்தேன் என்றேன். "பார்த்தவன் சொல்லணும் தம்பி. யார் பெரியவன்கிறதெல்லாம் அப்புறம்." கோபமாக இல்லை. தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே என் பதில் இப்போது இதுதான்: அந்த இரண்டு நாள் வகுப்பு நடத்துகிறவர்களிடம் போன் செய்து பாதுகாப்புக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். மின்சாரம், உயரம், வண்டிகள், தீ, ஆயுதம், முதலுதவி. "நிறுத்துங்கள்" என்று யாரிடம், எப்படிச் சொல்வது என்று பழக்குகிறார்களா என்றும் கேளுங்கள். அரை நாளாவது இருந்தால் கண்டிப்பாகச் சேருங்கள். கேமரா வகைகளையும் இயக்குநர்களின் கதைகளையும் மட்டும் சொல்வார்கள் என்றால் வேண்டாம்.

மார்ச் 12, இரவு

தூக்கத்தையும் இதோடு சேர்க்க வேண்டும். 1997இல் பிரென்ட் ஹெர்ஷ்மன் என்ற கேமரா உதவியாளர் 19 மணி நேர வேலை முடித்துவிட்டு வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போகும்போது தூங்கிவிழுந்து விபத்தில் இறந்தார். வேலை முடிந்து கண் சொக்கினால் ஓட்டாதீர்கள். யாரிடமாவது கேளுங்கள், அங்கேயே ஒரு மணி நேரம் படுங்கள். நான் இரண்டு முறை ஓட்டியிருக்கிறேன், நடந்திருக்கக் கூடாதது எதுவும் நடக்கவில்லை. அதை அனுபவம் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மார்ச் 15

நீண்ட கால பயிற்சித் திட்டங்கள் உண்டா என்ற கேள்விக்கு: உண்டு. அமெரிக்காவில் இயக்குநர் சங்கமும் தயாரிப்பாளர்களும் சேர்ந்து நடத்தும் உதவி இயக்குநர் பயிற்சித் திட்டம் 1965 முதல் இருக்கிறது. அதிலும் பெரும்பகுதி உண்மையான செட்டில் சம்பளத்தோடு வேலை செய்வது, இடையிடையே வகுப்பு. இரண்டும் மாறி மாறி வருவதுதான் சரி என்று இத்தனை நாள் எழுதிய பிறகு எனக்கும் தோன்றுகிறது.

வகுப்பில் சொல்லித் தரவே முடியாதது ஒன்று உண்டு: எங்கே நிற்பது. இதற்கு எனக்கு ஒரு வருடம் ஆனது. நடிகர் பேசும்போது அவர் கண் போகும் திசையில் நிற்கக் கூடாது. எதிரில் இருக்கும் நடிகரைப் பார்த்து உருகிப் பேச வேண்டியவர், அவர் தோளுக்குப் பின்னால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும் உங்களைப் பார்த்துவிட்டால் வசனம் உடைந்துவிடும். அடுத்தது, லென்ஸ் இப்போது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மட்டும் பார்க்காமல், அடுத்த ஷாட்டுக்கு எந்தப் பக்கம் திரும்பும் என்று யோசிக்க வேண்டும். இருவர் பேசும் காட்சியில் ஒருவர் பக்கம் முடிந்தால் கேமரா மற்றவர் பக்கம் திரும்பும், அதுவரை பாதுகாப்பான மூலை என்று எல்லோரும் நாற்காலியும் பெட்டியும் போட்டு வைத்த இடம் முழுக்க ஃபிரேமுக்குள் வந்துவிடும். அதை ஐந்து நிமிடம் முன்னாலேயே ஊகித்து, துணை நடிகர்களையும் தண்ணீர்க் கூடையையும் நீங்கள் சத்தமில்லாமல் இடம் மாற்றிவிட்டீர்கள் என்றால், முதல் உதவி இயக்குநர் திரும்பிப் பார்த்து ஒரு தலையசைப்பு அசைப்பார். அதற்கு மேல் இந்த வேலையில் எனக்கு எதுவும் வேண்டியிருந்ததில்லை.

மார்ச் 21

கேட்டவர் வகுப்பை முடித்துவிட்டாராம், பாதுகாப்புக்கு ஒரு முழு மதியமாம். நாளை முதல் நாள் வேலை, என்ன கொண்டு போவது என்கிறார்.

பழகிய ஷூ, புதியது வேண்டாம். மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி. அடர்நிறத்தில் சட்டை, வெளிர்நிறம் கண்ணாடியிலும் பளபளப்பான பரப்பிலும் தெரியும். பேனா இரண்டு, ஒன்றை யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். தடித்த மார்க்கர், பாக்கெட் நோட்டு, சின்ன டார்ச், கையுறை, மழை கோட்டு. போன் சார்ஜ் முழுக்க இருக்கட்டும், சத்தம் அணைந்திருக்கட்டும், செட்டில் எதையும் போட்டோ எடுக்காதீர்கள். சொன்ன நேரத்துக்குக் கால் மணி நேரம் முன்னால் போய் இரண்டாம் உதவி இயக்குநரைத் தேடிப் பெயர் சொல்லுங்கள். வாக்கியோடு கூடுதல் பேட்டரி ஒன்றும் கேட்டு வாங்குங்கள். தெரியாத கேள்வி வந்தால் "தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே கேட்டுச் சொல்லுங்கள்.

மார்ச் 22, இரவு

முதல் நாளே லாக்-அப்பா! பள்ளிக்கூட வராந்தா, ஒரே ஒரு கேட் என்று எழுதியிருக்கிறீர்கள். சுற்றி நடந்து பார்த்தீர்களா? பள்ளிக்கூடம் என்றால் கழிவறைப் பக்கம் ஒரு வழி இருக்கும், மைதானத்துக்கு ஒன்று, மொட்டை மாடிக்கு ஒன்று. நாளைக்கும் அதே இடம் என்றால் காலையிலேயே போய் எண்ணிவிட்டு, எத்தனை என்று இங்கே எழுதுங்கள்.